கை வேகமா, ஏற்பாடா? தொழிற்சாலையில் வேலை செய்யும் நம்ம பிள்ளைகளுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிட்டு ஆறுதலா படிங்க.

அன்னதானம் முடிஞ்சு அண்டா கழுவுற நேரத்துல நம்ம பிள்ளைகள் என்கிட்ட அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி இருக்கு. "அண்ணே, எங்க கம்பெனியில இம்ப்ரூவ்மென்ட் புரோஜெக்ட்னு ஆரம்பிச்சிருக்காங்க. என் பேரையும் போட்டுட்டாங்க. என்ன செய்யணும்னு தெரியல. இதை முடிச்சா நம்ம ஆளுங்களுக்கே வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு." ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை விட இங்கே எழுதிட்டா எல்லாருக்கும் உதவும்னு நினைச்சேன்.

நான் படிச்சது எஸ்.பி.எம். வரைக்கும்தான். ஆனா பிறை பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில பல வருஷமா சூப்பர்வைசர் வேலை. எத்தனையோ புரோஜெக்ட் வந்து போயிருக்கு. பேனர் கட்டினது, டீ-ஷர்ட் கொடுத்தது, கன்சல்டன்ட் வந்து ஸ்லைடு காட்டினது எல்லாம் பார்த்தாச்சு. பெரும்பாலானது மூணு மாசத்துல மறந்து போச்சு. ஒரே ஒரு புரோஜெக்ட் மட்டும் நிலைச்சு நின்னுச்சு. அது ஏன் நின்னுச்சுங்கிறதுதான் இந்தப் பதிவு.

முதல்ல வேலையைச் சொல்லிடுறேன். மோல்டுன்னா அச்சு. நம்ம வீட்டுப் பணியாரச் சட்டி மாதிரி நினைச்சுக்குங்க. உருகின பிளாஸ்டிக்கை அழுத்தத்தோட அச்சுக்குள்ள செலுத்தி, ஆறின பிறகு திறந்தா சாமான் வெளியே விழும். வேற சாமான் போடணும்னா அச்சை மாத்தணும். ஒரு அச்சு நூற்றுக்கணக்கான கிலோ இருக்கும். கிரேன் வச்சுத்தான் தூக்கணும். மாத்தி முடிக்கிற வரைக்கும் அந்த மெஷின் சும்மா நிக்கும்.

எங்ககிட்ட 10 மெஷின். ஒவ்வொண்ணுலயும் ஒரு நாளைக்கு ஒரு தடவை அச்சு மாத்துவோம். ஒரு தடவைக்கு சராசரி 160 நிமிஷம் ஆச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு நாளைக்கு 1,600 நிமிஷம், அதாவது 26 மணி 40 நிமிஷம். ஒரு மெஷினை வாங்கி வச்சு, 24 மணி நேரமும் ஓட்டாம துணி போட்டு மூடி வச்ச மாதிரி. அதுக்கும் மேல.

இது பல வருஷமா அப்படியேதான் இருந்துச்சு. 2023 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து நம்ம நாட்டுச் சட்டப்படி வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியா குறைஞ்சது. தொழிலாளிக்கு நல்ல காரியம்தான். ஆனா கம்பெனிக்கு அதே உற்பத்தி வேணும், நேரமோ வாரத்துக்கு ஆளுக்கு 3 மணி குறைவு. அதே சமயத்துல ஒரு பெரிய வாடிக்கையாளர், சாமான் தாமதமா வருது, இப்படியே போனா ஆர்டரை வேற நாட்டுக்கு மாத்திடுவோம்னு சொல்லிட்டார். அந்த ஆர்டரை நம்பி 38 பேர் இருந்தாங்க. அதுல பாதிப் பேர் வீட்டுக்கு ஒரே சம்பளம்.

மேலே இருக்கிறவங்களுக்கு முதல்ல தோணினது என்ன தெரியுமா? ஆளுங்க மெதுவா வேலை செய்றாங்க. மோல்டு மாத்துற ஒரு தம்பிக்கு எச்சரிக்கைக் கடிதம் டைப் அடிச்சுத் தயாரா வச்சிருந்தாங்க. அவனுக்கு அப்பதான் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்துச்சு.

நான் மேனேஜர்கிட்ட ஒண்ணுதான் கேட்டேன். "பாஸ், கடிதத்தை ரெண்டு வாரம் மேசையிலேயே வைங்க. நான் நின்னு பார்த்துட்டு வந்து சொல்றேன்."

ஜப்பான்ல டொயோட்டா கம்பெனியில தாய்ச்சி ஓனோன்னு ஒருத்தர் இருந்தார். அந்தக் கம்பெனியோட உற்பத்தி முறையை உருவாக்கினவர்கள்ல முக்கியமானவர். புதுசா வர்ற எஞ்சினியர்களைத் தொழிற்சாலைத் தரையில சாக்பீஸால வட்டம் போட்டு அதுக்குள்ள நிக்க வைப்பாராம். எங்கேயும் போகக் கூடாது. நின்னு கண்ணால பார்க்கணும். பிறகு வந்து, "என்ன பார்த்தே?" என்று கேட்பார். ஆபீஸ்ல உட்கார்ந்து ரிப்போர்ட் படிக்கிறதை விட இது மேல்.

நானும் அப்படித்தான் நின்னேன். கையில கடிகாரம், ஒரு நோட்டு, பேனா. அந்தத் தம்பிகிட்ட முதல்லயே சொல்லிட்டேன். "தம்பி, நான் உன்னைக் கணக்கெடுக்க வரல. வேலையைக் கணக்கெடுக்க வந்திருக்கேன். நீ எப்பவும் போல செய்." ரெண்டு வாரம் எழுதினதைக் கூட்டி சராசரி எடுத்தா 160 நிமிஷம் இப்படிப் பிரிஞ்சது:

கிளாம்ப், போல்ட், தண்ணிக் குழாய் தேடினது 34 நிமிஷம்.
கிரேனுக்குக் காத்திருந்தது 21 நிமிஷம்.
அச்சைக் கழற்றி, புது அச்சைப் பொருத்தினது 38 நிமிஷம்.
அச்சு சூடேறக் காத்திருந்தது 27 நிமிஷம்.
பழைய பிளாஸ்டிக்கை வெளியே தள்ளிப் புதுசு போட்டது 12 நிமிஷம்.
முதல் சாமானைப் பார்த்து கியூ.சி. கையெழுத்துப் போடக் காத்திருந்தது 28 நிமிஷம்.

இப்ப பாருங்க. அந்தத் தம்பி கையால வேலை செஞ்சது 38-உம் 12-உம் சேர்த்து 50 நிமிஷம்தான். மிச்சம் 110 நிமிஷம் தேடினதும் காத்திருந்ததும். கடிதம் கொடுத்து, திட்டி, அவன் கை வேகத்தை ரெண்டு மடங்கு ஆக்கினாலும் என்ன மிச்சமாகும்? 25 நிமிஷம். ஆனா அவனைத் தொடாமலேயே, சுத்தி இருக்கிற ஏற்பாட்டைச் சரி பண்ணினா 110 நிமிஷத்துல பெரும்பகுதியை எடுத்துடலாம்.

இந்தத் தாளை மேனேஜர் மேசையில வச்சேன். ரொம்ப நேரம் பார்த்தார். ஒண்ணும் பேசல. கடிதத்தை எடுத்து டிராயருக்குள்ள போட்டார். அது அப்புறம் வெளியே வரவே இல்லை.

டெமிங்னு ஒரு அமெரிக்கப் புள்ளிவிவர நிபுணர். 1950-இல் ஜப்பானுக்குப் போய் அங்கே உள்ள கம்பெனித் தலைவர்களுக்குப் பாடம் நடத்தினவர். மறு வருஷமே அவர் பேர்ல ஒரு விருதை ஜப்பான்காரங்க ஏற்படுத்தினாங்க. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: பெரும்பாலான கோளாறு வேலை செய்ற ஆளுகிட்ட இல்லை, வேலை நடக்கிற முறையில இருக்கு. அந்த முறையை மாத்துற அதிகாரம் நிர்வாகத்துக்கிட்டதான் இருக்கு.

அச்சு மாத்துற விஷயத்துல குருன்னு சொல்லணும்னா ஷிகியோ ஷிங்கோ. 1950-இல் ஹிரோஷிமாவில ஒரு வாகனத் தொழிற்சாலையில 800 டன் பிரஸ் மெஷினுக்கு அச்சு மாத்துறதைப் பக்கத்துல நின்னு பார்த்திருக்கார். ஒரு போல்ட் காணோம். வேலையாள் ஒரு மணி நேரத்துக்கு மேல தேடி அலைஞ்சுட்டு, கடைசியில பக்கத்து மெஷினோட நீளமான போல்ட்டை எடுத்து வெட்டிப் போட்டிருக்கார். அதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு விஷயம் விளங்கிடுச்சு. மெஷின் நின்னால்தான் செய்ய முடியும்ங்கிற வேலை ஒரு வகை. மெஷின் ஓடும்போதே முன்கூட்டிச் செய்து வைக்கக்கூடிய வேலை இன்னொரு வகை. ரெண்டையும் பிரிக்கணும். 1969-இல் டொயோட்டாவில 1,000 டன் பிரஸ்ஸுக்கு 4 மணி நேரம் ஆனதை முதல்ல 90 நிமிஷமாகவும், அப்புறம் 3 நிமிஷமாகவும் குறைச்சுக் காட்டினார்.

இது ஏதோ ஜப்பான்காரன் வித்தைன்னு நினைக்காதீங்க. நம்ம அப்பா அம்மா தோட்டத்துல செஞ்சதுதான். என் அப்பா பால் மரம் வெட்டினவர். வெயில் ஏறிட்டா பால் ஓட்டம் குறைஞ்சிடும். அதனால விடியறதுக்கு முன்னாடியே மரத்துக்குப் போயிடணும். அந்த நேரத்துல கத்தி தீட்டிக்கிட்டு நிக்க முடியுமா? முதல் நாள் சாயங்காலமே கத்தியைத் தீட்டி, வாளியைக் கழுவிக் கவிழ்த்து, விளக்கைத் துடைச்சு வாசல்ல வச்சிடுவார். நம்ம ஆலயத்துல குருக்கள் ஐயா அபிஷேகத்துக்கு நிக்கிறதைப் பாருங்க. பால், தயிர், தேன், இளநீர், சந்தனம், விபூதி எல்லாம் வரிசையா கைக்கு எட்டுற இடத்துல இருக்கும். அபிஷேகம் நடுவுல நிறுத்திட்டு யாரும் தேன் வாங்கக் கடைக்கு ஓடுறதில்லை. நாங்க தொழிற்சாலையில அதைத்தான் செஞ்சுக்கிட்டிருந்தோம், தினமும் பத்து தடவை.

சரி, வழி தெரிஞ்சுபோச்சு. ஆனா புரோஜெக்ட் அன்னைக்கே ஆரம்பிக்க முடியல. முதல் கூட்டத்துல பேக்கிங் பகுதி அக்கா ஒருத்தங்க எழுந்து கேட்டாங்க. "நேரம் மிச்சம் பண்ணிக் கொடுத்தா, மிச்சமான நேரத்துக்கு ஆளைக் குறைப்பீங்களா?"

ஹால்ல ஒரு சத்தம் இல்லை. நேப்பாளிப் பிள்ளைகளுக்கு மலாய்ல ஒருத்தர் சொன்னார். அவங்களும் தலை நிமிர்ந்து மேனேஜரைப் பார்த்தாங்க.

எல்லா இம்ப்ரூவ்மென்ட் புரோஜெக்ட்டும் இந்தக் கேள்வியில்தான் நிக்குது, இல்லன்னா விழுது. தன் கழுத்துக்கு வர்ற கத்தியை யாரும் தீட்டிக் கொடுக்க மாட்டாங்க. பதில் தெளிவா இல்லாட்டி ஆளுங்க கூட்டத்துல தலையை ஆட்டிட்டு, வேலை இடத்துல வாயை மூடிக்குவாங்க. எந்த போல்ட் எங்கே தொலையுதுன்னு அவங்களுக்கு மட்டும்தானே தெரியும்? நான் மேனேஜர்கிட்ட தனியா பேசினேன். "இதுக்குப் பதில் சொல்லாம என்னால ஆரம்பிக்க முடியாது பாஸ்." மூணு நாள் கழிச்சு எழுத்துல வந்துச்சு. இந்தப் புரோஜெக்ட்டால மிச்சமாகும் நேரத்துக்காக யாரையும் வேலையை விட்டு நிறுத்த மாட்டோம், வேற வேலை கற்றுக் கொடுத்து மாற்றுவோம்னு தமிழ், மலாய், நேப்பாளி மூணு மொழியிலயும் நோட்டீஸ் போர்டுல ஒட்டினோம். அடுத்த நாள்ல இருந்து ஆளுங்க தானா வந்து பேச ஆரம்பிச்சாங்க.

புரோஜெக்ட் நடத்தின விதத்தையும் சொல்றேன். இது உங்களுக்கு உதவும்.

முன்னாடி ஒரு புரோஜெக்ட்டுல 11 குறிக்கோள் இருந்துச்சு. ஒண்ணும் நடக்கல. இந்தத் தடவை ஒரே தாள், ஒரே குறிக்கோள்: 14 வாரத்துல அச்சு மாத்துற நேரம் 60 நிமிஷத்துக்குள்ள வரணும். ஆறு பேர் குழு. மோல்டு மாத்துறவங்க ரெண்டு பேர், கியூ.சி.யில ஒருத்தர், ஸ்டோர்ல ஒருத்தர், மெயின்டனன்ஸ்ல ஒருத்தர், நான். மெஷின் பக்கத்துலயே ஒரு வெள்ளைப் பலகை. அதுல மூணு கட்டம்: என்ன செய்யணும், யார் செய்றாங்க, எந்தத் தேதிக்குள்ள. செவ்வாய்க்கிழமை தோறும் 15 நிமிஷம், நின்னுக்கிட்டே பேசுவோம். நாற்காலி போட்டா கூட்டம் நீண்டுடும்.

பத்து மெஷினையும் ஒரே சமயத்துல தொடல. ஒரு மெஷின்ல செஞ்சு பார்த்து, அளந்து, சரி வந்ததை மட்டும் அடுத்த மெஷினுக்குக் கொண்டு போனோம்.

முதல்ல காசு செலவில்லாதது. மூலையில கிடந்த பழைய தள்ளுவண்டிகளைச் சரி பண்ணி, ஒவ்வொரு அச்சுக்கும் வேண்டிய கிளாம்ப், போல்ட், குழாய் எல்லாத்தையும் அதுல வச்சோம். ஒவ்வொரு சாமான் வைக்கிற இடத்துலயும் அதோட உருவத்தை வரைஞ்சு வைக்கலாம்னு சொன்னது ஒரு நேப்பாளித் தம்பி. எது இல்லைன்னாலும் ஒரே பார்வையில தெரிஞ்சிடும். நாலு விதமா இருந்த போல்ட்டை ஒரே அளவாக்கினோம். தண்ணிக் குழாய்க்கு சிவப்பு, நீலம்னு நிறம் கொடுத்து, திருகாமலே மாட்டுற இணைப்பு போட்டோம். மறுநாள் அச்சு மாத்துற வரிசையை மாலை 4 மணிக்கே எழுதிப் போட்டதால ரெண்டு மெஷின் ஒரே நேரத்துல கிரேனுக்குச் சண்டை போடுறது நின்னுச்சு. கியூ.சி. தங்கச்சிக்கு 15 நிமிஷம் முன்னாடியே தகவல் போகும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் மணியை 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் 2 முதல் 4 மணி நேரம் உலர்த்தணும். அதை மறந்துட்டா அச்சு தயாரா இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதையும் அந்த வரிசையிலேயே எழுதிட்டோம்.

காசு செலவானது ஒண்ணுதான். அச்சை மெஷின்ல ஏத்துறதுக்கு முன்னாடியே சூடு பண்ணுற ஒரு பழைய கருவியை வாங்கினோம். சூடான அச்சைக் கையாளணும்கிறதால பாதுகாப்பு அதிகாரி பார்த்து, கையுறையெல்லாம் சரி பண்ணின பிறகுதான் தொட்டோம்.

14-ஆவது வாரம் அளந்தோம். தேடுறது 3 நிமிஷம், கிரேன் 5, கழற்றிப் பொருத்துறது ரெண்டு பேரு ரெண்டு பக்கம் நின்னு 24, சூடு 6, பிளாஸ்டிக் மாத்துறது 9, கியூ.சி. 8. மொத்தம் 55 நிமிஷம். பத்து மெஷினுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 17 மணி 30 நிமிஷம் திரும்பக் கிடைச்சது. யாரும் ஓடல. அந்தத் தம்பி முன்னாடி வேர்த்து விறுவிறுத்துப் போவான். இப்ப நிதானமா செய்றான்.

முன்னாடி அச்சு மாத்துறது பெரிய தலைவலிங்கிறதால ஒரு தடவை ஏத்தினா அஞ்சு நாளைக்கு வேண்டியதைப் போட்டுத் தள்ளிடுவோம். ஸ்டோர் நிறைஞ்சு கிடக்கும், ஆனா வாடிக்கையாளர் கேட்ட சாமான் மட்டும் இருக்காது. இப்ப ரெண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் போடுறோம். கேட்டது கேட்ட நாள்ல போகுது. அந்த ஆர்டர் எங்ககிட்டயே நின்னுச்சு. 38 பேரும் இருக்காங்க.

எல்லாம் இனிப்பா முடிஞ்சதுன்னு சொன்னா அது முழு உண்மை ஆகாது. ஒரு நாள் ஒருத்தர் வந்து சொன்னார். "அண்ணே, புரோஜெக்ட் நல்லாத்தான் போச்சு. என் சம்பளம்தான் குறைஞ்சு போச்சு லா." சனிக்கிழமை ஓவர்டைம் குறைஞ்சுபோச்சு. சாதாரண நாள் ஓவர்டைமுக்கே சட்டப்படி ஒன்றரை மடங்கு கூலி. அதை நம்பித்தான் வீட்டுக் கடன் கட்டிக்கிட்டிருந்தார். அவர் சொன்னது நியாயம். வேலையை முன்னேத்தினவனுக்கே வருமானம் குறைஞ்சா அது என்ன முன்னேற்றம்? அதையும் மேலே கொண்டு போனோம். அச்சு மாத்துற வேலையை முழுசா கத்துக்கிட்டவங்களுக்கு மாசம் 150 ரிங்கிட் தனியா கொடுக்க ஒத்துக்கிட்டாங்க. ஓவர்டைம்ல போனது முழுக்க அதுல திரும்பி வராது. சிலருக்குப் பாதிதான் வரும். ஆனா சனிக்கிழமை வீட்ல இருக்காங்க. மிச்சத்துக்கு இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். லாபம் மேலேயே தங்கிட்டா அடுத்த புரோஜெக்ட்டுக்கு ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்கன்னு மேனேஜருக்கும் புரிஞ்சிருக்கு.

இன்னொண்ணு. 20-ஆவது வாரம் நேரம் மறுபடி 70 நிமிஷத்துக்கு ஏறிடுச்சு. போய்ப் பார்த்தா, ஒரு வண்டியில குழாய் இணைப்பு உடைஞ்சிருக்கு, பக்கத்து வண்டியில இருந்து இரவல் வாங்கிட்டிருக்காங்க. அங்கேயும் குறைய ஆரம்பிச்சிடுச்சு. உடனே வாங்கிப் போட்டோம். இப்ப மாசம் ஒரு தடவை எல்லா வண்டியையும் சரி பார்க்கிறோம். விளக்கு ஏத்தினா மட்டும் போதாது, எண்ணெய் ஊத்திக்கிட்டே இருக்கணும்.

இதே கணக்கு நம்ம அன்னதான வரிசைக்கும் பொருந்தும். விசேஷ நாள்ல வரிசை வாசல் வரைக்கும் போனதும் நாம என்ன செய்றோம்? பரிமாறுற பிள்ளைகளைப் பார்த்து "சீக்கிரம், சீக்கிரம்"னு சத்தம் போடுறோம். ஒரு மணி நேரத்துக்கு 600 பேர் வர்றாங்க, ஒருத்தர் உட்கார்ந்து சாப்பிட்டு எழ 20 நிமிஷம் ஆகுதுன்னு வைங்க. அப்ப எந்த நேரமும் 200 பேர் உள்ளே இருப்பாங்க, 200 இடம் வேணும். இந்தக் கணக்கை ஜான் லிட்டில்னு ஒரு பேராசிரியர் 1961-இல் நிரூபிச்சுக் காட்டியிருக்கார். நம்மகிட்ட 150 இடம்தான் இருந்தா மணிக்கு 450 பேர்தான் சாப்பிட முடியும். இலை எடுத்துத் துடைக்கிற நேரமும் அந்த 20 நிமிஷத்துக்குள்ள அடங்கினால்தான் அதுவும். மிச்சம் 150 பேர் ஒவ்வொரு மணியும் வெளியே சேர்ந்துகிட்டே போவாங்க. இதுல சாம்பார் வாளி தூக்குற பையன் என்ன செய்வான்? ஏச்சு வாங்கின பையன் அடுத்த வருஷம் வர்றதில்லை. அவனைத் திட்டுறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் ஒரு ஓரமா நின்னு, மக்கள் எங்கே காத்திருக்காங்கன்னு அரை மணி நேரம் எழுதிப் பார்க்கலாம். இலை எடுக்கிற இடத்துலயா, கை கழுவுற குழாய்லயா, சோறு வர்ற கதவுலயா? பார்த்தா தெரிஞ்சிடும்.

புரோஜெக்ட்டுல பேர் போட்ட தம்பி தங்கச்சிகளுக்குக் கடைசியா. திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் ஸ்லைடு செய்ய உட்காராதீங்க. வேலை நடக்கிற இடத்துல போய் நில்லுங்க. எது கை வேலை, எது காத்திருப்புன்னு நிமிஷக் கணக்கோட எழுதுங்க. செய்றவங்ககிட்ட கேளுங்க, அவங்க பேரோடயே மேலே சொல்லுங்க. குறிக்கோள் ஒண்ணே ஒண்ணு வைங்க. அந்த அக்கா கேட்ட கேள்வியை யாராவது கேட்கிறதுக்கு முன்னாடி நீங்களே கேளுங்க, பதிலை எழுத்துல வாங்குங்க.

ஜப்பானிய முறை, ஆங்கிலப் பேர், இதெல்லாம் பார்த்து மிரள வேண்டாம். நம்ம பாட்டன் பூட்டன் விடியறதுக்கு முன்னாடியே கத்தி தீட்டி வச்ச ஆளுங்க. சந்தேகம் இருந்தா கேளுங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில நான் மடப்பள்ளிப் பக்கம்தான் இருப்பேன். உங்க தாளைக் கொண்டு வாங்க, காய் நறுக்கிக்கிட்டே சேர்ந்து பார்ப்போம்.